ஐந்து நாளில் ஈக்வடார்: கித்தோவையும் இயற்கை இடங்களையும் எந்த வரிசையில் பார்ப்பது?

தலைநகர் கித்தோவே சுமார் 2,850 மீட்டர் உயரம். இறங்கிய மறுநாளே கோட்டோபாக்சி எரிமலைக்கு ஓடாதீர்கள். வண்டி நிற்கும் இடமே 4,600 மீட்டர். அங்கிருந்து 4,864 மீட்டரிலுள்ள தங்குமிடத்துக்கு எரிமலை மணலில் ஏறும்போது கால் புதையும், நாலடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். உடம்பு பழகாவிட்டால் தலைவலியும் குமட்டலும் நிச்சயம்போலத்தான். நாலாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் பழைய நகரம். லா கொம்பானியா தேவாலயத்தின் தங்கத்தகடு வேலையைத் தவறவிடாதீர்கள். பிச்சிஞ்சா மலைக்கு ஏறும் ரோப் காருக்குக் காலையிலேயே போங்கள், மதியம் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். பூமத்திய ரேகை நினைவுச்சின்னத்தின் மஞ்சள் கோடு படமெடுக்க மட்டுமே. அசல் ரேகை சுமார் 240 மீட்டர் வடக்கே.

கலாபகஸ் தீவுகளை இதில் திணிக்க வேண்டாம். 2024 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்காக் கட்டணமே 200 டாலர். நாட்டின் பணமும் அமெரிக்க டாலர்தான். ஆனால் 50, 100 நோட்டைக் கடைகளில் வாங்கத் தயங்குவார்கள், சில்லறை வைத்திருங்கள்.