ராக் இசையில் கோரஸ் பாடியவர்களில் உரிய பெயர் கிடைக்காதவர் யார்?

மெர்ரி கிளேட்டன் என்ற அமெரிக்கப் பாடகி.

நீங்களும் கோரஸ் பாடுகிறவர்தான் போலிருக்கிறது. இல்லாவிட்டால் இந்தக் கேள்வி தோன்றாது. டார்லீன் லவ் என்ற இன்னொரு அமெரிக்கக் கோரஸ் பாடகியைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில் வருஷக்கணக்காக இரண்டாவது மைக்கில் நின்றவள் நான், என் ஓட்டு மெர்ரிக்குத்தான்.

1969, லாஸ் ஏஞ்சல்ஸ். நடுராத்திரி வாக்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டு ஒன்றுக்குப் பெண் குரல் வேண்டும் என்று போன் வருகிறது. வயிற்றில் பிள்ளை, தலையில் கர்லர். பட்டு பைஜாமாவுக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பாடிய பாட்டு 'கிம்மி ஷெல்டர்'. மூன்று நிமிஷம் தாண்டும் இடத்தில், 'மர்டர்' என்று உச்சத்தில் இழுக்கும்போது குரல் உடையும். பின்னாலிருந்து யாரோ 'ஊ' என்று கத்துவதும் கேட்கும். ஹெட்போனில் கேளுங்கள். கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால் மெர்ரி என்று பெயர் வைத்தார்கள். ஆல்பம் அட்டையில் 'மேரி' என்று அடித்துவிட்டார்கள்!

அதன்பிறகு கர்ப்பம் கலைந்தது. அப்படிப் பாடியதால்தான் என்று எழுதுகிறார்கள். அந்தக் கணக்குக்கு நான் வரவில்லை. 1970இல் அதே பாட்டின் பெயரிலேயே தனி ஆல்பம் போட்டார், பெரிதாக ஓடவில்லை. அமெரிக்கத் தென்மாநிலமான அலபாமாவைப் புகழும் 'ஸ்வீட் ஹோம் அலபாமா' பாட்டின் கோரஸிலும் இவர் உண்டு. நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது. கறுப்பினப் பெண்ணுக்கு அலபாமா புகழ் பாட மனசு வருமா? கணவர் சொல்லித்தான் போனாராம்.

"அவரைப் பற்றி ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படமே இருக்கிறதே" என்று யாராவது கமெண்ட்டில் வருவீர்கள். இருக்கிறது, அதுவும் அவர் ஒருவரைப் பற்றியதல்ல. வந்தது 2013இல், பாட்டு வந்து 44 வருஷம் கழித்து. அடுத்த வருஷமே கார் விபத்தில் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போயின. 2021இல் மறுபடி ஆல்பம் போட்டார்.

என் கதையை அவரோடு ஒப்பிடவில்லை, திட்ட வேண்டாம். ஒரு ரிசப்ஷனில் எங்கள் மெயின் பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேல் ஸ்தாயி வரும் இடமெல்லாம் அவர் வாயசைக்க, பின்னால் நின்று நான் பாடினேன். மாப்பிள்ளையின் அப்பா மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் கவரும் கொடுத்தார். "ஹம்மிங்தானே பண்ணே" என்று எனக்கு வழக்கமான பேட்டாதான். சவுண்டுக்காரர் வேறு எப்போதும் என் மைக்கைத்தான் முதலில் குறைப்பார்.

அதைக்கூட விடுங்கள். கச்சேரி முடிந்து, வயரைச் சுருட்டிவிட்டுப் பந்திக்குப் போனால் ரசமும் அப்பளத் தூளும்தான் இருக்கும். லட்சக்கணக்கில் செலவு பண்ணுகிறவர்களுக்குப் பாட்டுக்காரர்களுக்கென்று பத்து இலை எடுத்துவைக்கத் தோன்றாதா?