பொகாஷி வாளியில் பச்சைப் பூஞ்சையும் நாற்றமும்

பொகாஷி என்பது சமையலறைக் கழிவை நுண்ணுயிர் சேர்த்த பொகாஷித் தவிட்டோடு காற்றுப் புகாத வாளியில் நொதிக்க வைக்கும் முறை. அப்படி வைத்து 10 நாளான வாளியில் பச்சைப் பூஞ்சையும் நாற்றமும் வந்தால் முழுசாகக் கொட்ட வேண்டாம். பச்சைப் பூஞ்சை பிடித்த மேல் பகுதியை மட்டும் வழித்தெடுத்து மண்ணில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அடியில் இருப்பது ஊறுகாய் மாதிரி புளித்த வாடை அடித்தால் அது நன்றாகவே நொதிக்கிறது. முட்டை அழுகிய நாற்றம் என்றால் அதையும் புதைக்க வேண்டியதுதான். வெள்ளைப் பூஞ்சை வந்தால் பயமில்லை, அது நல்ல அறிகுறி.

பெரும்பாலும் காற்றுதான் காரணம். வாளியின் அடியில் உள்ள குழாயை அடைத்து, வாளி மூடியின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, நடுவில் அழுத்திப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில்தான் கசிவு. ரப்பர் வளையத்தில் ஒட்டிய ஒரு சோற்றுப் பருக்கையே போதும், காற்று உள்ளே போக!

பிறகு:

1. 3 செ.மீ. உயரக் கழிவுக்கு ஒரு கைப்பிடி பொகாஷித் தவிடு. ஈரக் கழிவு, மீன், இறைச்சி என்றால் இரண்டு.
2. தட்டால் நன்றாக அழுத்துங்கள். அடிக்கடி திறக்காமல் நாளுக்கு ஒருமுறை போடுங்கள்.
3. 2 நாளுக்கு ஒருமுறை அடிநீரை வடியுங்கள். தேங்கினாலும் அழுகும்.

வாளி நிறைந்ததும் 2 வாரம் மூடியே இருக்கட்டும். வெளியே எடுக்கும்போது அது உரம் ஆகியிருக்காது, அமிலத்தன்மையும் அதிகம். மண்ணில் புதைத்து 2 முதல் 4 வாரம் கழித்தே அங்கே செடி வையுங்கள், இல்லையென்றால் வேர் கருகும்.