பெயர் தெரியாத வங்கி தரும் கிரெடிட் கார்டை வாங்கலாமா?

இதுவரை கணக்கே இல்லாத, பெயரும் கேள்விப்படாத ஒரு வங்கியிலிருந்து "உங்களுக்குக் கிரெடிட் கார்டு ஒப்புதல் ஆகிவிட்டது" என்று அழைப்பு வந்திருக்கிறது, ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் தெரியவில்லை என்பதற்காக மட்டும் மறுத்துவிட வேண்டாம். நிபந்தனைகளை எழுத்தில் பார்க்கும்வரை தொலைபேசியில் சம்மதமும் சொல்ல வேண்டாம்.

எனக்கு வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், வேலை பொள்ளாச்சியில். திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட சௌத் இந்தியன் வங்கி எங்கள் வீட்டில் சிறுவர்களுக்கும் தெரிந்த பெயர்; 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியையோ எங்கள் தெருவில் பலர் அறியமாட்டார்கள். எல்லையைத் தாண்டினால் பழகிய பெயர்கள் மாறிவிடுகின்றன. ஆகவே, அந்த வங்கி ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலுள்ள வங்கிகள் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கிகள் தம் இணைய முகவரியை 2025 அக்டோபர் 31க்குள் ‘பேங்க்.இன்’ என்று முடியும்படி மாற்றிக்கொள்ள வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்திருந்ததால், முகவரியின் கடைசிப் பகுதியையும் கவனியுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடவே வேண்டாம். அழைத்தவர் ஓடிபி கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வங்கி உண்மையானதுதான் என்று உறுதியான பிறகும் ஏமாற இடமுண்டு; எனக்கு நேர்ந்தது அதுதான். நல்ல மலையாளத்தில் பேசிய ஒரு பெண் "லைஃப்டைம் ஃப்ரீ" என்று மூன்று முறை சொன்னதை நம்பிச் சம்மதித்தேன். கார்டோடு வந்த, நான்காக மடித்த மெல்லிய தாளை அன்று நான் பிரித்துப் படிக்கவில்லை. இரண்டாம் ஆண்டு பில்லில் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 588 ரூபாய் 82 காசு என்றிருந்ததைக் கண்டு அந்தத் தாளைத் தேடியெடுத்தபோது, முதல் ஆண்டுக்கு மட்டுமே கட்டண விலக்கு என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள்.

கட்டணத்தைவிட வட்டியே பெரிய ஆபத்து. மாதம் 3.5 சதவீதம் என்பது காதுக்குச் சிறியதாகத்தான் படும். ஆண்டுக்கு அது 42 சதவீதம். 20,000 ரூபாய் பில்லில் குறைந்தபட்சத் தொகையென்று 1,000 ரூபாய் மட்டும் கட்டினால், மீதி 19,000க்கு ஒரு மாத வட்டி 665 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி ஏறக்குறைய 120 ரூபாய். பாக்கி நிற்கும் வரையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைப்பதில்லை. ஏடிஎம்மில் அந்தக் கார்டைக் கொண்டு பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதந்தோறும் பில்லை முழுவதும் கட்டிவிட முடியும் என்ற உறுதி உங்களுக்கு இல்லையென்றால், எந்த வங்கியின் கார்டும் இப்போது வேண்டாம் என்றே மனதார வேண்டிக்கொள்கிறேன்.

கேட்காமலே கார்டு வீடு தேடி வந்துவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை. சம்மதமில்லாமல் கார்டு கொடுப்பதை ரிசர்வ் வங்கியின் விதிகள் தடைசெய்கின்றன; அப்படிக் கொடுத்துக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு அதன் இருமடங்கை அபராதமாகவும் வங்கி தர வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி நாம் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குச் சேரும். அருகில் கிளை இல்லாத வங்கியிடம் கார்டு வாங்குவோருக்கு இந்த விதிதான் பெரிய துணை. நானும் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்தாம் நாள் மூடிவிட்டார்கள். பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கிய கடிதத்தையும், நான்காக மடித்த அந்தத் தாளையும் ஒரே உறையில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.