கன்சோல் வாங்கப் போகிறீர்களா? பின்பக்க லேபிளைப் படியுங்கள்

வீடியோ கேம் கன்சோல் பற்றி வந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. "எது பெஸ்ட்?" என்று ஒரே வரியில் கேட்டவர்களுக்கு ஒரே வரியில் பதில் கிடையாது, மன்னிக்கவும். விவரமாகக் கேட்டவர்களுக்கு விவரமாகவே சொல்கிறேன்.

கேள்வி: பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எடுத்தும் விட்டான். கடையில் விசாரித்தால் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்று ஒன்றைக் காட்டி, "அதே கேம்தான் சார், விலைதான் கம்மி" என்கிறார்கள். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எதை எடுப்பது? (கோவையிலிருந்து ஒரு அப்பா)

கடைக்காரரை விடுங்கள், பையனிடம் கேளுங்கள்: அவன் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள்? இந்த வயதுப் பையன்கள் தனியாக உட்கார்ந்து ஆடுவதைவிட ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாலு பேராகச் சேர்ந்து கத்துவதுதான் அதிகம். ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி, ஈஏவின் எஃப்சி கால்பந்து இவற்றிலெல்லாம் பிஎஸ்5காரரும் எக்ஸ்பாக்ஸ்காரரும் சேர்ந்து ஆடலாம். எல்லா கேமிலும் அப்படி முடியாது. ஒருவேளை அவன் மனதில் இருப்பது மொபைலில் ஆடும் பிஜிஎம்ஐ என்றால் அதையும் இப்போதே பேசிவிடுங்கள், அது எந்த கன்சோலிலும் கிடையாது.

சரி, கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். "அதே கேம்தான்" என்பது பாதி உண்மை. பெரிய கேம்களில் பெரும்பாலானவை இரண்டிலும் வருகின்றன, ஜிடிஏ 6 கூட பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் (எஸ்ஸுக்கு அண்ணன்), சீரிஸ் எஸ் என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் சோனியின் சொந்த கேம்களான ஸ்பைடர்மேன் 2, காட் ஆஃப் வார் மாதிரி ஆட்கள் எக்ஸ்பாக்ஸ் பக்கம் வரவில்லை. மறுபக்கம் மைக்ரோசாஃப்ட் தன் கேம்களைத் தானே எதிராளி வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஓட்ட எக்ஸ்பாக்ஸ்தான் வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது, 2025 ஏப்ரலில் அது பிஎஸ்5க்கும் வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தை வைத்தே நான் பிஎஸ்5 பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

அடுத்து, சீரிஸ் எஸ்ஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சீரிஸ் எக்ஸுக்கும் பிஎஸ்5க்கும் 16 ஜிபி நினைவகம், சீரிஸ் எஸ்ஸுக்கு 10 ஜிபிதான். பால்டர்ஸ் கேட் 3 என்ற பெரிய கேம் 2023 செப்டம்பரிலேயே பிஎஸ்5க்கு வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆகிவிட்டது. காரணம், திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதி இந்தச் சின்னப் பெட்டியில் ஓடவில்லை. கடைசியில் சீரிஸ் எஸ்ஸுக்கு மட்டும் அந்த வசதி இல்லாமலே வெளியிட்டார்கள், பிறகு ஒரு அப்டேட்டில்தான் அது வந்து சேர்ந்தது. அப்புறம் இடப் பிரச்சினை. 512 ஜிபி மாடலில் கேம் போட மிஞ்சுவது சுமார் 364 ஜிபி. பெரிய கேம்கள் நூறு ஜிபியைத் தாண்டுகிற காலத்தில் மூன்று கேம் போட்டால் வீடு நிறைந்துவிடும். இடத்தைக் கூட்ட எக்ஸ்பாக்ஸுக்கென்றே செய்த தனி கார்டு வாங்க வேண்டும். பிஎஸ்5க்கு கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்பு அட்டையே போதும். ஜென்4 ரகமா, நொடிக்கு 5,500 எம்பி வேகம் இருக்கிறதா, ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீரிஸ் எஸ் மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. சந்தா கட்டி நிறைய கேம்களைத் தொட்டுப் பார்க்கும் ஆசாமிக்கு எக்ஸ்பாக்ஸின் சந்தாத் திட்டமான கேம் பாஸ் நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2025 அக்டோபரில் அதன் உயர்ந்த திட்டத்தை அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரிலிருந்து ஒரே தாவலில் 29.99 ஆக்கினார்கள், நம் ஊரிலும் கட்டணம் ஏறியது. கடையில் மிச்சம் பிடித்த பணம் மாதாமாதம் சந்தாவாகப் போய்க்கொண்டே இருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் "கம்மி" என்று சொல்ல வேண்டும். எந்தப் பெட்டியானாலும், காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட ஒரு சந்தா தேவை. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கு வேண்டாம். இன்னொன்று, ஜிடிஏ வரிசை பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை குத்தியது. அவனுக்கு உங்கள் கணக்கின் கீழ் ஒரு பிள்ளைக் கணக்குத் திறந்தால் வயது வரம்பையும் ஆடும் நேரத்தையும் உங்கள் போனிலிருந்தே வைக்கலாம். திட்டுவான், வைத்துவிடுங்கள்.

கேள்வி: பிஎஸ்5 என்று முடிவாகிவிட்டது. டிஸ்க் போடுவதா, டிஜிட்டலா? பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் வருகிறது. (திருச்சி வாசகி)

டிஸ்க். யோசிக்கவே வேண்டாம்.

பிஎஸ்5இன் மெலிந்த வடிவமான ஸ்லிம் மாடல் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் பதிப்பு 54,990, டிஸ்க் போட இடமில்லாமல் டவுன்லோடு மட்டும் செய்யும் டிஜிட்டல் 44,990 ரூபாய். விலை அவ்வப்போது மாறும், தள்ளுபடியும் வரும், ஆனால் அந்தப் பத்தாயிரம் எங்கே போகிறது என்று பாருங்கள். புதிய பெரிய கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாயைச் சுற்றி வருகிறது. டிஸ்காக வாங்கினால் ஆடி முடித்துவிட்டு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்து அவனுடையதை வாங்கலாம். நம் ஊர்க் கடைகளில் பழைய டிஸ்க் வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. டிஜிட்டலில் வாங்கியது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிடும், விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. வருடத்துக்கு நாலைந்து கேம் வாங்குகிற வீட்டில் டிஸ்க் டிரைவ் தன் காசைத் தானே எடுத்துவிடும்.

டிஜிட்டல் வாங்கிவிட்டுப் பிறகு டிரைவை மட்டும் தனியாகப் பொருத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஸ்லிம்மில் முடியும், 2020இல் வந்த பழைய டிஜிட்டலில் முடியாது. ஸ்லிம்மிலும், அந்தத் தனி டிரைவ் உங்கள் ஊரில் பில்லோடு கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பொருத்தியதும் ஒருமுறை இணையத்தோடு இணைத்துப் பதிவு செய்யவும் வேண்டும். டிஜிட்டல் யாருக்குச் சரி என்றால், ஃபோர்ட்நைட்டும் எஃப்சியும் தவிர வேறெதுவும் ஆடாத, வீட்டில் நல்ல ஃபைபர் இணைப்பு இருக்கிற ஆளுக்கு.

கேள்வி: ஆன்லைன் விளம்பரத்தில் பழைய பிஎஸ்5 ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. பழைய குண்டு மாடல் சூடாகும், எடுக்காதே என்கிறான் நண்பன். நிஜமா? நேரில் போனால் என்ன பார்ப்பது? (சேலம், கல்லூரி மாணவர்)

உங்கள் நண்பர் 2021இல் நடந்த ஒரு சண்டையை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். முதலில் வந்த டிஸ்க் மாடல் 4.5 கிலோ. அடுத்த வருடமே சோனி உள்ளே இருந்த ஹீட்சிங்கைச் சிறிதாக்கியது, எடை 4.2 ஆனது, "சூடாகப் போகிறது" என்று உலகமே கத்தியது. அப்புறம் 3.9 கிலோவுக்கு இறக்கி, 6 நானோமீட்டர் சிப்பையும் வைத்தார்கள், அது மின்சாரமும் குறைவாகவே குடிக்கிறது. ஸ்லிம் 3.2 கிலோ. ஆடும்போது இவற்றுக்குள் வித்தியாசமே கிடையாது, ஒரே வேகம், ஒரே படம். பழையதில் இடம் மட்டும் குறைவு: 825 ஜிபியில் 667தான் உங்களுக்கு, ஸ்லிம் 1 டிபி.

விற்பவர் எது சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். சிஎஃப்ஐ-1208ஏ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் உள்ள 12 என்பது எந்தத் தலைமுறை என்பது: 10, 11, 12 மூன்றும் பழைய குண்டு, 20 என்றால் ஸ்லிம், 70 என்றால் வேகம் கூடிய ப்ரோ மாடல். அடுத்த 08தான் முக்கியம், சோனி இந்தியா வழியாக வந்தவை இப்படித்தான் வரும். 15 என்றால் அமெரிக்கா, 16 ஐரோப்பா, 18 சிங்கப்பூர்ப் பக்கம், 00 ஜப்பான். கடைசியில் ஏ என்றால் டிஸ்க், பி என்றால் டிஜிட்டல். "இந்தியன் யூனிட் தம்பி, வாரண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு லேபிளில் 15 இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம், அல்லது விலையைக் குறைத்துக் கேட்கலாம். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லேபிளில் உள்ளதும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

அவர் வீட்டிலேயே டிவியில் போட்டு, உங்கள் கணக்கில் லாகின் செய்து காட்டச் சொல்லுங்கள். இதை விடாதீர்கள். சோனி தடை செய்த பெட்டி என்றால் ஆன்லைனே போகாது, அது வெளியே தெரியாது. ஒரு பிஎஸ்5 டிஸ்கைக் கையோடு எடுத்துப்போய் உள்ளே தள்ளுங்கள், அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். கன்ட்ரோலரைத் தொடாமல் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள், கேமரா தானாக நகர்ந்தால் குச்சியில் டிரிஃப்ட் வந்துவிட்டது. உள்ளே யாராவது கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். பிஎஸ்5 சிப்பின் மேல் சூட்டைக் கடத்த வழக்கமாகப் பூசும் பேஸ்ட் கிடையாது, திரவ உலோகம்தான் பூசியிருக்கிறார்கள், தெரியாத கை பட்டு அது வழிந்தால் போர்டு காலி. கடைசியாக, அவர் கணக்கை நீக்கி ரீசெட் செய்து தந்த பிறகுதான் பணம்.

கேள்வி: மாமா துபாயிலிருந்து வருகிறார். பிஎஸ்5 ப்ரோ வாங்கி வரச் சொல்லலாமா? (நாகர்கோவில்)

உங்கள் வீட்டு டிவி என்ன? அது 4கே இல்லை என்றால் மாமாவிடம் வேறு ஏதாவது கேளுங்கள். ப்ரோவின் கிராஃபிக்ஸ் வேலை சாதாரண பிஎஸ்5ஐவிட சுமார் 45 சதவீதம் வேகம் என்று சோனி சொல்கிறது, 2 டிபி இடமும் உண்டு. அந்த வேகம் கண்ணில் படுவது நல்ல பெரிய 4கே திரையில்தான். 2024 நவம்பரில் அமெரிக்காவில் 699.99 டாலருக்கு வந்தது, அதுவும் டிஸ்க் டிரைவ் இல்லாமல். டிரைவ் தனி, செங்குத்தாக நிறுத்தும் ஸ்டாண்ட் தனி.

இந்தியாவில் அப்போது அதை வெளியிடாததற்குக் காரணம் கேமோ விலையோ அல்ல, வைஃபை. ப்ரோவில் உள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் கொண்டுவரவில்லை என்று சோனியே சொன்னது. ஆகவே வெளியிலிருந்து வரும் ப்ரோவுக்கு இங்கே வாரண்டியை எதிர்பார்க்காதீர்கள், ரிப்பேர் என்றால் மாமாவோடு திரும்பிப் போக வேண்டும். நம் வோல்டேஜில் ஓடும், பயப்பட வேண்டாம், ப்ளக் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். டிஸ்க்குகளுக்கும் நாட்டுப் பூட்டு இல்லை. ஆனால் அந்த ஊர் டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் வாங்கும் கூடுதல் கன்டென்ட் பொருந்தாமல் போகலாம், அதனால் டிஸ்க்குகளை இங்கேயே வாங்குங்கள். என் பணமாக இருந்தால் இந்திய ஸ்லிம்மும் நல்ல டிவியும்தான்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச். லைட், சாதா, ஓஎல்இடி, ஸ்விட்ச் 2 என்று நாலு இருக்கிறதே, எதை வாங்குவது? (சென்னை, ஒரு அம்மா)

லைட்டை முதலில் தள்ளிவிடுங்கள். 2019இல் வந்த அந்தச் சின்ன மாடலை டிவியில் இணைக்கவே முடியாது, கன்ட்ரோலரும் கழற்ற வராது. அம்மாவும் மகளும் டிவி முன்னால் சேர்ந்து மாரியோ கார்ட் ஓட்ட முடியாத ஸ்விட்ச் எதற்கு?

சாதா மாடலில் இரண்டு உண்டு. 2017இல் வந்தது சார்ஜில் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடும், 2019 ஆகஸ்டில் வந்த திருத்திய பதிப்பு நாலரை முதல் ஒன்பது. பெட்டியிலேயே தெரியும்: பின்னணி முழுக்கச் சிவப்பாக இருந்தால் திருத்தியது, வெள்ளையாக இருந்தால் பழசு. ஓஎல்இடியில் 7 அங்குலத் திரை, 64 ஜிபி. கையில் வைத்து ஆடுவதுதான் அதிகம் என்றால் அதுவே நல்லது.

ஸ்விட்ச் 2 2025 ஜூன் 5இல் வந்தது. பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். உங்களிடம் இருக்கும் பழைய மெமரி கார்டில் அதன் கேம்களைப் போட முடியாது, மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற தனி ரகம்தான் வேண்டும். சில கேம்களில் டப்பாவுக்குள் இருக்கும் கார்டில் கேமே இருக்காது, வெறும் சாவி மட்டும், முழுதையும் டவுன்லோடு செய்ய வேண்டும். டப்பாவின் முன்னாலேயே அது போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

நின்டெண்டோ பெரும்பாலும் இங்கே இறக்குமதிச் சரக்குதான், பர்மா பஜாரோ ஆன்லைனோ எங்கே வாங்கினாலும் வாரண்டி என்பது கடைக்காரரின் வாய்ச்சொல். அதனால் ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஜப்பானில் ஸ்விட்ச் 2க்கு இரண்டு பதிப்பு: பல மொழிப் பதிப்பு 69,980 யென், ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென் என்று வந்தது. யாராவது சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகத் தந்தால் அது இரண்டாவதாக இருக்கலாம். அதில் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்ற முடியாது, ஜப்பான் நாட்டுக் கணக்கைத்தான் இணைக்க முடியும். ஏழு வயதுக் குழந்தையிடம் ஜப்பானிய எழுத்தைக் கொடுத்து "ஆடு" என்று சொல்லவா முடியும்? கடையிலேயே ஆன் செய்து மொழி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பிஎஸ்4 வைத்திருக்கிறேன். பிஎஸ்5 வாங்கினால் பழைய டிஸ்க்கெல்லாம் வீணா?

இல்லை. டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5இல் கிட்டத்தட்ட எல்லா பிஎஸ்4 டிஸ்க்கும் ஓடும். உங்கள் பழைய யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கையே சொருகி அதிலிருந்தும் பிஎஸ்4 கேம்களை ஆடலாம். பிஎஸ்5 கேம்களை அதில் சேமித்து வைக்கலாமே தவிர அங்கிருந்து ஆட முடியாது.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. புதிய எக்ஸ்பாக்ஸில் ஓடுமா?

டிஸ்க் டிரைவ் உள்ள சீரிஸ் எக்ஸ் வாங்கினால் பல ஓடும், எல்லாமும் அல்ல. மைக்ரோசாஃப்ட் தளத்தில் பட்டியல் இருக்கிறது, உங்கள் பையில் உள்ளதை அதோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். டிஸ்கைப் போட்டதும் அது கேமை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும், அதனால் நெட் வேண்டும். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே கிடையாது. சீரிஸ் எக்ஸிலும் 2024இல் டிரைவ் இல்லாத வெள்ளை மாடல் ஒன்று வந்திருக்கிறது, பெயரை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். கைனெக்ட் கேமராவுக்கு முன்னால் குதித்து ஆடிய கேம்கள் எதிலும் ஓடாது, அவற்றுக்குப் பழைய 360ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.