காண்ட்ராக்டர் எழுதும் மொய்: வாங்கலாமா, கூடாதா?

கேள்வி: மத்திய அரசின் கட்டுமானத் துறை ஒன்றில் இளநிலைப் பொறியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வரும் ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். 25 வருடமாக ஊரெல்லாம் நான் எழுதிய மொய் திரும்பி வரும் நேரம் இது. என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்த நண்பர் இப்போது எங்கள் பிரிவிலேயே காண்ட்ராக்டர். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் 10,000 ரூபாய் எழுதியிருக்கிறேன். அவர் அதைத் திருப்பிச் செய்யாமல் இருக்க மாட்டார். மற்ற காண்ட்ராக்டர்களும் வருவார்கள். யாரிடம் வாங்கலாம்? எதை ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும்? இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. போன தீபாவளிக்கு ஒரு காண்ட்ராக்டர், நான் இல்லாத நேரத்தில் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன வெள்ளிக் குத்துவிளக்கு இன்னும் பீரோவில் இருக்கிறது.

பதில்: கல்யாணத்துக்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். விஜிலன்ஸ் பிரிவில் நான் இருந்த காலத்தில், இதே கேள்வியோடு என் மேஜைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கையில் சார்ஜ் மெமோவோடுதான் (குற்றச்சாட்டுக் கடிதம்) வந்தார்கள்.

உங்களுக்குப் பொருந்துவது 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள். மாநில அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன, தொகைகள் வேறு. நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது எந்த விதி என்று பார்க்காமல் அதை நம்பிவிடாதீர்கள். மத்தியக் கண்காணிப்பு ஆணையம் பிறந்ததும் அதே 1964-இல்தான். அதற்குப் பரிந்துரை செய்த குழுவின் தலைவர் தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம். மொய் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அன்பளிப்பைப் பற்றிப் பேசுவது விதி 13. கல்யாணம், சாவு, சாமி காரியம் என்று வழக்கப்படி கொடுப்பதை வாங்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. நெருங்கிய உறவினரிடமும், அலுவல் தொடர்பு இல்லாத சொந்த நண்பரிடமும் தாராளமாக வாங்கலாம். ஓர் அன்பளிப்பின் மதிப்பு குரூப் ஏ அதிகாரிக்கு 25,000, குரூப் பி-க்கு 15,000, குரூப் சி-க்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் மட்டும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் குரூப் பி, அதனால் உங்கள் கோடு 15,000. மொய் மொத்தமாக எவ்வளவு சேர்ந்தது என்பது இங்கே கணக்கில்லை, ஒவ்வொருவர் கொடுத்ததையும் தனித்தனியாகப் பாருங்கள். ஊர்க்காரர்கள் எழுதும் 500, 1,000, 5,000 பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். பெண்ணின் தாய்மாமன் சீராகப் போடும் சங்கிலி, இன்றைய தங்க விலையில், கோட்டைத் தாண்டிவிடும். அதற்குத் தெரிவிப்புக் கடிதம் உண்டு. பெரிய கடிதம் எல்லாம் வேண்டாம்: “என் மகளின் திருமணத்தில் என் மனைவியின் சகோதரர் 2 பவுன் சங்கிலி அன்பளிப்பாகக் கொடுத்தார். மதிப்பு ரூபாய் இவ்வளவு. அவருக்கும் என் அலுவல் பணிக்கும் தொடர்பு ஏதும் இல்லை. நடத்தை விதி 13(2)-இன்படி தெரிவித்துக்கொள்கிறேன்.” உங்கள் உயர் அதிகாரி வழியாக அனுப்பி, நகலில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது கேட்டால், அந்த நகலைத் தவிர வேறு எதுவும் உங்களுக்காகப் பேசாது.

சரி, இப்போது உங்கள் நண்பருக்கு வருவோம்.

சொந்த நண்பர் என்று விதி சொல்வதோடு “அலுவல் தொடர்பு இல்லாத” என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டே வருகிறது. பத்தாம் வகுப்பு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான். ஆனால் அவர் செய்த வேலையை அளந்து எம்.பி. புத்தகத்தில், அதாவது அளவீட்டுப் புத்தகத்தில், எழுதுவது உங்கள் கை. அந்த நாளிலிருந்து, விதியின் கண்ணில் அவர் நண்பர் வரிசையில் இல்லை. அவர் கொடுப்பது விதி 13(3)-இன் கீழ் வரும். குரூப் ஏ, பி ஊழியர் என்றால் 5,000 ரூபாய்க்கு மேல் (குரூப் சி என்றால் 2,000-க்கு மேல்) முன் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. 2019-இல் திருத்திய தொகை இது.

“அன்பளிப்பு என்று ஏன் சொல்கிறீர்கள்? நான் கொடுத்ததைத்தானே அவர் திருப்பித் தருகிறார்?” என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் ஊர் நியாயப்படி அது சரிதான். ஆடி மாதம் பந்தல் போட்டு மொய் விருந்து வைக்கும் சீமையில், மொய் என்பது வட்டியில்லாத கடன். ஆனால் தயவுசெய்து இந்த வாதத்தை விசாரணையில் எடுத்துவைக்காதீர்கள். கடன் என்று நீங்களே சொன்னால் விதி 16(4) வந்து நிற்கும். அலுவல் தொடர்பு உள்ளவரிடம் கடன் வாங்குவதும் கூடாது, அவருக்குக் கடன் கொடுப்பதும் கூடாது, பணக் கடப்பாட்டில் சிக்குவதும் கூடாது என்கிறது அது. வாணலிக்குத் தப்பி நெருப்பில் விழுந்த கதையாகிவிடும். அவர் மகள் கல்யாணத்தில் நீங்கள் எழுதிய 10,000 எப்போது என்று முதலில் பாருங்கள். அவர் உங்கள் பிரிவில் வேலை எடுப்பதற்கு முந்தையது என்றால் உங்கள் நிலை கொஞ்சம் பலமானது.

நான் சொல்வது இரண்டே வழி. ஒன்று, இப்போதே மனுப் போடுங்கள். நண்பர் யார், எங்கள் பிரிவில் அவர் எடுத்திருக்கும் வேலைகள் எவை, எந்தத் தேதியில் நான் எவ்வளவு எழுதினேன், இப்போது எவ்வளவு எழுதக்கூடும் என்று எல்லாவற்றையும் சொல்லி அனுமதி கேளுங்கள். பழைய கல்யாணத்துப் பத்திரிகை கிடைத்தால் அதையும் இணையுங்கள். கல்யாணத் தேதிக்குள் பதில் வராவிட்டால் அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டாவது வழி, நேராக நண்பர் வீட்டுக்குப் போய், “நீ குடும்பத்தோடு வா, முதல் பந்தியில் உட்கார், மொய் மட்டும் எழுதாதே” என்று சொல்லிவிடுவது. நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். உண்மையான நண்பருக்கு இது புரியும். “வேலை முடிந்து பில் வாங்கிய பிறகு தருகிறேன்” என்று அவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்த பிறகு கொடுப்பதற்குச் சட்டத்தில் வெகுமதி என்று பெயர், அதுவும் குற்றம்தான்.

மற்ற காண்ட்ராக்டர்கள் விஷயத்தில் நான் 5,000 ரூபாய்க் கோட்டைப் பார்க்கவே மாட்டேன். விதியின் எழுத்தில் அதற்குக் கீழே இடம் இருக்கலாம். ஆனால் 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று கிடையாது. பில் நிலுவையில் இருக்கும்போது கவரில் வந்த 500 ரூபாயும் அதன் பிரிவு 7-க்குள் வரும்; தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. வாங்கியது நிரூபணமானால், தவறான நோக்கத்தில்தான் வாங்கினார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. துறை விசாரணையில் லஞ்சம் நிரூபணமானால் பொதுவாக வேலையிலிருந்து நீக்கம் அல்லது டிஸ்மிஸ்தான். ஒரு கவருக்காக 25 வருட சர்வீஸைப் பணயம் வைப்பதா?

கல்யாண வீட்டில் ஆபத்து கவரில் மட்டும் இல்லை. “மண்டபத்துக்கு ஜெனரேட்டர் நான் அனுப்புகிறேன் சார்”, “தண்ணி லாரி என் பொறுப்பு”, “மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர என் இன்னோவா வரும்” என்பார்கள். இலவசப் பயணம், தங்கும் இடம், சாப்பாடு, வேறு எந்தச் சேவையானாலும் அன்பளிப்புதான் என்று விதியிலேயே விளக்கம் இருக்கிறது. வழியில் ஒருமுறை வண்டியில் ஏற்றிக்கொண்டது, சாதாரணமாக ஒருவேளை சாப்பிட்டது மட்டும் விலக்கு. அதனால் மண்டபம், பந்தல், சமையல், வண்டி எல்லாவற்றுக்கும் உங்கள் கணக்கிலிருந்தே பணம் போகட்டும், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். நகை வாங்கும்போது ஒரு பில் உங்கள் இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால், விதி 18(3)-இன்படி ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது.

அப்புறம் மொய் மேஜை. அங்கே உட்காரப்போவது உங்கள் பங்காளி வீட்டுப் பையன். யார் காண்ட்ராக்டர், யார் சித்தப்பா மகன் என்று அவனுக்குத் தெரியாது. ஒப்பந்த நிறுவனங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அவன் கையில் முன்கூட்டியே கொடுங்கள். உங்கள் ஆபீஸ் ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பெயர்கள் வந்தால், “ஐயா வாங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று கவரைப் பிரிக்காமல் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். மொய் மேஜையில் கியூஆர் அட்டை வைப்பதாக இருந்தால் இன்னும் கவனம். அதில் யாரும் உங்களைக் கேட்டுக்கொண்டு அனுப்பப் போவதில்லை. அன்று ராத்திரியே வங்கிக் கணக்கைப் பார்த்து, வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பி, ஆபீசுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆபீஸில் பத்திரிகை கொடுக்கும்போது காண்ட்ராக்டர்களுக்குக் கொடுக்காதீர்கள். பத்திரிகைக் கட்டை உங்கள் மேஜைமேல் வைக்கவும் வேண்டாம்.

இனி அந்தக் குத்துவிளக்கு. வாங்கியது உங்கள் மனைவிதான், ஆனாலும் குடும்பத்தார் வாங்க அனுமதிப்பதையும் விதி 13 தடுக்கிறது. “கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன்” என்று பலர் கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். அது உதவாது, வாங்கியது வாங்கியதாகவே நிற்கும். பழைய தேதி போட்டுக் கடிதம் எழுதுவது அதைவிட மோசம், சின்னத் தவறைப் பொய் ஆவணமாக்கிவிடுவீர்கள். விளக்கை எடைபோட்டுப் படம் எடுங்கள். இந்தத் தேதியில், நான் வீட்டில் இல்லாதபோது, இன்னார் கொடுத்தார், அன்றே தெரிவிக்காமல் விட்டது என் தவறு, இன்று திருப்பி அனுப்புகிறேன் என்று இன்றைய தேதியிலேயே எழுதிக் கொடுங்கள். விளக்கை அவர் நிறுவனத்தின் முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் அதே கடிதத்தோடு இணையுங்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார்கள்; விளக்கம் கொடுக்க வேண்டிவரும், கண்டிப்பும் வரலாம். ஆனால் நீங்களாகப் போய்ச் சொன்னது என்றும், சோதனையில் பீரோவிலிருந்து எடுத்தது என்றும் இரண்டு வேறு கோப்புகள் உண்டு. உங்களுடையது முதல் கோப்பாக இருக்க வேண்டும்.

அந்த நிறுவனத்தின் பில் ஏதாவது இப்போது உங்கள் கையில் இருந்தால், அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: இந்த வேலையின் அளவீட்டை வேறொரு பொறியாளர் சரிபார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். திங்கட்கிழமை காலை, அவர்களுடைய எம்.பி. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அந்தக் கடிதம் தபால் பிரிவுக்குப் போகட்டும்.