பழைய மஹிந்திரா தார் ஜீப்பின் முன்பக்கத்தைத் தூக்கி லெவல் செய்த பிறகு ஏன் இப்படிக் குலுக்குகிறது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். 2012 மாடல் தார் சிஆர்டிஇ (டீசல்), தேவகோட்டைப் பக்கம் ஓடுகிறது. மூக்கு தாழ்ந்து நிற்பது பிடிக்காமல் முன் ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பார் கம்பியின் போல்ட்டை இறுக்கி முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கியிருக்கிறீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் சின்னப் பள்ளத்தில்கூட முன்னால் ‘டக்’ என்கிறது, 60க்கு மேல் ஸ்டீயரிங் அலைகிறது, பின்னால் ஆளில்லாமல் போனால் பின்பக்கம் துள்ளுகிறது. புது ஷாக் அப்சார்பர் நான்கும் வாங்கிவிடலாமா என்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் அந்தப் போல்ட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். இதே வேலையைச் செய்து, இதே ‘டக்’கோடு நான்கு மாதம் ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன்.

என்னுடையது 2013 மாடல். பழைய வண்டியாக வாங்கினேன், பள்ளத்தூரில் இருக்கிறது. வயலுக்குப் போகும் கண்மாய்க் கரைப் பாதை, புதுவயல் அரிசி மில், மாதம் ஒருமுறை அப்பத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, இவ்வளவுதான் அதற்கு வேலை. வெளியூரில் ஒரு கடையில் லெவல் செய்தேன். இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள். அலைன்மென்ட் பார்க்கவில்லை, எதையும் அளக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் முதல் வேகத்தடையிலேயே சத்தம் கேட்டது. அடுத்த வாரம் அப்பத்தா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டு “மெதுவாப் போய்யா” என்றார். அதற்கு முன் அதே வண்டியில், அதே சாலையில் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த ‘டக்’ எப்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். வேகத்தடையில் ஏறும்போது வராது. ஏறி, சக்கரம் மறுபக்கம் கீழே விழும்போதுதான் வரும். பள்ளத்திலும் அப்படித்தான், சக்கரம் உள்ளே இறங்கும் நொடியில் வரும். இடித்தால் வருகிற சத்தம் வேறு, தொங்கும்போது வருகிற சத்தம் வேறு. உங்களுடையது இரண்டாவது என்றால் ஷாக் அப்சார்பரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்துக்குக் கீழே இறங்க இடமில்லாமல் போய்விட்டது.

இது ஏன் என்று புரிய டார்ஷன் பாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய எம்.எம். 540 மாதிரி ஜீப்புகளில் முன்னும் பின்னும் பட்டைதான் (இலை இலையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்). 2010இல் வந்த தார் சிஆர்டிஇயில் பின்னால் பட்டை, முன்னால் டார்ஷன் பார். 2020இல் வந்த புதுத் தாரில் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். ஆகவே போல்ட்டைத் திருகி உயரம் கூட்டுகிற பேச்சே உங்கள், என் வண்டி மாதிரியானவற்றுக்குத்தான்.

நனைந்த வேட்டியை இரண்டு பேர் பிடித்துப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையை அசைக்காமல் பிடித்திருக்கிறார், அது சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பக்கம். இன்னொருவர் முறுக்குகிறார், அது முன்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் ஆர்ம். டார்ஷன் பார் என்பது அந்த வேட்டி மாதிரி முறுகும் ஓர் இரும்புக் கம்பி. சக்கரம் மேலே போனால் கம்பி முறுகும், முறுக்கு விடும்போது சக்கரத்தைக் கீழே தள்ளும். நீங்கள் திருகும் போல்ட், அசையாமல் பிடித்திருப்பவரின் கையைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் வேட்டி தடிமனாகிவிடாது. கம்பியின் பலமும் கூடாது. “போல்ட்டை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும்” என்று பலர் சொல்வது சரியல்ல. வண்டியின் எடை அதேதான், அதைத் தாங்கக் கம்பிக்கு வேண்டிய முறுக்கும் ஏறத்தாழ அதேதான். மாறுவது நிற்கும் உயரம் மட்டும்.

பிறகு ஏன் கல் மாதிரி இருக்கிறது? ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சக்கரம் மேலே போக 4 அங்குலம், கீழே இறங்க 3 அங்குலம் இடம் இருந்தது. இரண்டு அங்குலம் தூக்கியதும் மேலே 6, கீழே 1 ஆகிவிட்டது. மொத்தம் 7 என்பது மாறவே இல்லை, கீழே இருந்த பங்கை எடுத்து மேலே கொடுத்திருக்கிறோம். நம் பக்கத்துச் சரளைப் பாதையில் சக்கரம் ஏறுகிற அளவுக்கு இறங்கவும் வேண்டும். அந்த ஓர் அங்குலம் முடிந்ததும் ஆர்ம், சக்கரம் அதற்கு மேல் இறங்காமல் தடுக்கும் ரப்பர் ஸ்டாப்பில் போய் முட்டுகிறது, ‘டக்’. இன்னும் அதிகமாக இறுக்கி, நிற்கும்போதே ஆர்ம் ஸ்டாப்பில் சாய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கம்பி தேவைக்கு மேல் முறுகி நிற்கும். ஒரு குறிப்பிட்ட அடி விழும் வரை சக்கரம் அசையவே அசையாது. சின்னச் சின்னக் கல்லெல்லாம் நேராக உங்கள் இடுப்புக்கு வரும்.

இதை எனக்குக் காட்டியவர் காரைக்குடியில் லாரி வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். வண்டியைத் தூக்கக்கூட இல்லை. சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, முன் டயருக்குப் பின்னால் குந்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்தார். அதை ஆர்முக்கும் ரப்பர் ஸ்டாப்புக்கும் நடுவில் நுழைத்தார். போனது. இரண்டாக மடித்து நுழைத்தார், போனது. நான்காக மடித்தபோது மாட்டிக்கொண்டது. “தம்பி, உங்க சக்கரம் கீழ இறங்க இவ்ளோதான் எடம்” என்று அந்த டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். நான்கு மாதமாக எந்த ஷாக் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நீங்களும் அப்படியே பாருங்கள். டார்ச் அடித்தால் தெரியும். ஸ்டாப்பின் ரப்பர் நசுங்கிப் பளபளவென்று தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி. கூடவே முன் ஆக்ஸிலின் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டையும் பாருங்கள். தூக்கினால் அந்த ஆக்ஸில் இன்னும் சரிவாகச் சாயும், பூட்டின் மடிப்புகள் ஒரு பக்கம் ஒன்றோடொன்று உரசும். ஃபோர் வீல் டிரைவைப் போட்டு ஓட்டினால் சீக்கிரம் கிழியும். உள்ளே செம்மண் போய்விட்டால் ஜாயின்ட் தாங்காது. சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

சரி, இறக்குவது எப்படி? வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். முறுகிய கம்பியில் இருக்கும் விசை சாதாரணமானதில்லை. முதலில் சமதளத்தில், நான்கு டயரிலும் சரியான காற்றோடு, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று கணக்கைக் கெடுக்கும். அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரம் தொங்கும்போதுதான் போல்ட்டைத் திருக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. போல்ட்டில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, சுற்றுகளை எண்ணிக்கொள்ளுங்கள். இறக்கியதும் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பம்பரை நாலு தடவை அமுக்கிவிட்டு அளங்கள். உருட்டாமல் அளந்தால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய் உயரம் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை சுற்று வரவேண்டும் என்றில்லை, ஒரே உயரம் வந்தால் போதும்.

இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ் ரப்பரால் ஆனது, அதன் போல்ட் எந்த நிலையில் இறுக்கப்பட்டதோ அந்த நிலையில்தான் ரப்பர் ஓய்வாக இருக்கும். உயரத்தை மாற்றிவிட்டு அந்தப் போல்ட்டை அப்படியே விட்டால் ரப்பர் எப்போதும் முறுகியே கிடக்கும். வண்டி விறைப்பாகத் தெரியும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். உயரம் முடிவானதும் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி தன் எடையில் நான்கு காலில் நிற்கும்போது திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். எனக்கு இது ஒன்றிலேயே நல்ல வித்தியாசம் தெரிந்தது.

ஸ்டீயரிங் அலைவது அலைன்மென்ட் கோளாறு. உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே, வெளியே சாயும் சாய்வு) டோவும் (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது) மாறியே தீரும். முன் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக உள்ளே, வெளியே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் மாதிரியும் தட்டுப்பட்டால் டோ தவறு. வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர். உயரத்தை முடிவு செய்த பிறகுதான் அலைன்மென்ட், முன்னால் செய்தால் அந்தப் பணம் வீண்.

பின்பக்கத் துள்ளலுக்கு வருகிறேன். முன்பக்கத்தைத் தூக்கியதால் மட்டும் அது வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பின் பட்டையில் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய வண்டிகளில் முந்தைய ஓனர் பாரம் ஏற்ற ஓர் இலை கூடுதலாகப் போட்டிருப்பது சகஜம். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. அதாவது முன்பக்கம் தாழ்ந்திருக்கவே இல்லை, பின்பக்கம்தான் உயர்ந்திருந்தது. அந்த இலையை எடுத்ததும் துள்ளலும் போனது, பாதி சாய்வும் போனது. எடுத்துவிட்டு, பட்டையை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை இறுக்க வேண்டும். பட்டையின் முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஷாக்கிளின் ரப்பர் புஷ் காய்ந்து இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டை தொய்ந்திருந்தால் சும்மா சூடாக்கி அடித்து வளைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அது பதம் ஏற்றிய இரும்பு. நம் சிவகங்கைப் பக்கத்தில் அருவாள் அடிப்பவர்கள் லாரிப் பட்டையைத் தேடி வாங்குவது அந்த இரும்பு நன்றாகப் பதம் ஏறும் என்பதற்காகத்தான். பதம் போய்விட்டால் கொஞ்ச நாளில் திரும்பத் தொய்யும்.

முன்னால் கனமான இரும்பு பம்பர் மாட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் கழற்றுங்கள். மூக்கு தாழ்வதற்கு அதுவே பெரிய காரணம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைப் போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. கழற்றிய பிறகும் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்து டார்ஷன் பார் தளர்ந்திருக்கலாம். புதிது வாங்கும்போது இடது, வலது குறி பார்த்து வாங்குங்கள், மாற்றி மாட்டக் கூடாது.

கடைசியாக அந்த மூக்குத் தாழ்வைப் பற்றி. சமமாக நிற்பதே அழகு என்று நானும் நினைத்திருந்தேன். போன மாசி மாதம் எங்கள் படைப்புக்காக (குடும்பத்துச் சாமி கும்பிடு) புதுவயல் மில்லில் 25 கிலோ மூட்டை பத்து ஏற்றிக்கொண்டு இருட்டிய பிறகு திரும்பினேன். முழுதாக லெவல் செய்திருந்த காலம் அது. பின்பக்கம் அமுங்க, மூக்கு வானத்தைப் பார்த்தது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் டிம் அடிக்கச் சொல்லி விளக்கைச் சிமிட்டியது. நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். ஸ்டீயரிங் காற்றில் பிடித்த மாதிரி லேசாக இருந்தது. பின்னால் பாரமும் ஆளும் ஏறும்போது வண்டி சமமாக வரட்டும் என்றுதான் காலியாக இருக்கையில் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிறார்கள். அதை முழுக்க எடுத்துவிடக் கூடாது.

இப்போது என் வண்டியில் முன்பக்கம் முக்கால் அங்குலம் தாழ்ந்துதான் நிற்கிறது. ஆர்முக்கும் ஸ்டாப்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறது. ஷாக் அப்சார்பர் பழையதுதான், இன்னும் மாற்றவில்லை. அப்பத்தா ஆஸ்பத்திரி போகும் வழியில் தூங்கிவிடுகிறார்.

இறக்கி முடித்ததும் ஹெட்லைட்டைத் திரும்பச் சரிசெய்ய மறக்காதீர்கள். அதற்கு முன், நான்கு பக்க அளவையும் பின் பட்டையில் உள்ள இலைகளின் எண்ணிக்கையையும் பதிலில் எழுதுங்கள். எவ்வளவு இறக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.