ஸ்விங் மேடையில் பாப் பாடகர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் பாப் பாடகர் ராபி வில்லியம்ஸ் 2001இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடத்திய, ஜாஸ் வகை நடன இசையான ஸ்விங் இசை நிகழ்ச்சியின் பதிவைச் சென்ற வாரம் என் மகளுடன் அமர்ந்து பார்த்தேன். 'டேக் தட்' என்ற இளைஞர் பாப் குழுவில் ஆடிப்பாடிய அதே மனிதர் கறுப்புக் கோட்டு அணிந்து பழைய அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பாடல்களைப் பாடுகிறார். 2013இல், பிரிந்துபோயிருந்த தன் பழைய கூட்டாளி கய் சேம்பர்ஸுடன் மீண்டும் சேர்ந்து இன்னொரு ஸ்விங் தொகுப்பும் வெளியிட்டிருக்கிறார். 2024இல் ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டும் பியானோ கலைஞர் ஜூல்ஸ் ஹாலண்டும் இதையே செய்தார்கள். சந்தை ஓய்ந்த பாடகர்கள் பாட்டனாரின் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வது போல எனக்குத் தோன்றுகிறது. மகளோ, "நன்றாகத்தானே பாடுகிறார், உங்களுக்கு என்ன குறை?" என்கிறாள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு திருத்தம். 2001இல் ராபி வில்லியம்ஸின் சந்தை ஓயவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் நெப்வொர்த் திடலில் மூன்று இரவுகளில் 3,75,000 பேர் அவரைக் கேட்கக் கூடினார்கள். புகழின் உச்சியில் இருந்த 27 வயது இளைஞர் ஒருவர், தன் ரசிகர்களில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே வழக்கொழிந்த ஓர் இசைமுறையைத் தேடிப் போனார் என்பதே உண்மை. ஆகவே அவரைப் பொறுத்தவரை உங்கள் காரணம் பொருந்தாது. மற்ற பலருக்குப் பொருந்தும் என்பதை மறுக்க மாட்டேன்.

பாட்டனாரின் கோட்டு என்றீர்கள். அந்த உவமையைச் சற்று நீட்டிப் பார்க்கிறேன், ஏனென்றால் பாப் நட்சத்திரம் என்ற பிறவியே ஸ்விங் இசைக்குழுவின் மேடையில்தான் தோன்றியது. 1935 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் பாலோமார் நடன அரங்கில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழு பெற்ற வெற்றியிலிருந்து ஸ்விங் காலத்தைத் தொடங்குவது வரலாற்றாசிரியர்களின் வழக்கம். ஆனால் அன்று கூட்டத்தை ஆட வைத்த இசைக்கோர்ப்புகளில் முக்கியமானவை ஃபிளெட்சர் ஹெண்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞர் எழுதியவை. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் சவாய் நடன அரங்கிலும் கன்சாஸ் நகரத்து இரவு விடுதிகளிலும் கறுப்பின மக்கள் அதற்கு முன்பே வளர்த்தெடுத்திருந்த இசை அது. அந்நாளில் பாடகர் மேடையின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்திருப்பார். தன் முறை வரும்போது எழுந்து ஒரு சுற்றுப் பாடிவிட்டு மீண்டும் அமர்ந்துவிடுவார். குழுத்தலைவரே நட்சத்திரம்.

அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர்தான் சினாட்ரா. 1940இல் டாமி டார்ஸியின் குழுவில் சேர்ந்த அவர், டார்ஸி டிரோம்போன் ஊதும்போது மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தெரியாதபடி நீண்ட இசைச் சொற்றொடர்களை இழைப்பதைப் பின்னாலிருந்து கவனித்தே தன் பாடும் முறையை அமைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுப் பதிவுகளை நிறுத்திவைத்தது. பாடகர்கள் அந்தத் தடைக்குள் வராததால், கருவிகள் இல்லாமல் பின்னணிக் குரல்களை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களால் பதிவு செய்ய முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று நியூயார்க்கின் பாரமவுண்ட் அரங்கில் பென்னி குட்மன் குழுவின் நிகழ்ச்சியில் ஒரு கூடுதல் அம்சமாகத்தான் சினாட்ரா மேடையேறினார். பதின்வயதுப் பெண்கள் எழுப்பிய கூச்சல் அரங்கை நிறைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து 'டேக் தட்' குழுவின் முன் எழுந்த கூச்சல் அதன் தொடர்ச்சியே. அந்தக் கோட்டு ராபி வில்லியம்ஸுக்கு இரவல் அன்று. அவர் தொழிலின் மூதாதை அணிந்தது.

இனி, பாப் பாடகருக்கு இந்த மேடை ஏன் கடினமானது என்பதைச் சொல்ல வேண்டும். ஸ்விங் இசையில் ஓர் அடி இரண்டு சமபாதிகளாகப் பிரிவதில்லை. முதற்பகுதி நீண்டும் இரண்டாம் பகுதி குறுகியும் வரும். 'தகிட' என்று திஸ்ர நடையில், அதாவது அடிக்கு மூன்றாகச் சொல்லி, நடுவிலுள்ள 'கி'யை மௌனமாக விட்டால் அதன் சாயல் கிடைக்கும். ஆனால் அது சாயல்தான். வேகம் கூடும்போது அந்த நீளமும் குறுக்கமும் சமத்தை நோக்கி நகர்ந்துவிடுவதால், எந்த இசையெழுத்தாலும் அதைத் துல்லியமாகக் குறிக்க முடிவதில்லை. குழுவோடு கூடவே மூச்சுவிட்டுத்தான் கற்க வேண்டும். இதன் மேல் பாடகர், சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைக்கிறார். தாளம் தொடங்கிய பிறகு பாட்டைத் தொடங்கும் நம் அனாகத எடுப்பை நினைத்துக்கொள்ளலாம் என்றாலும், அங்கே இடம் முன்பே வகுக்கப்பட்டது. இங்கே ஒவ்வொரு வரியிலும் பாடகர் அந்த நொடியில் முடிவு செய்கிறார். தயங்கி நிற்பதற்கும் தவறவிடுவதற்கும் இடையே மயிரிழைதான் இடைவெளி.

'டேக் தட்' போன்ற பாய் பேண்டுகளின் மேடையிலோ நடன அசைவுகள் முன்பே பதிவான இசையோடு நொடி பிசகாமல் பொருந்தியாக வேண்டும். அதில் வளர்ந்தவரின் உடம்பே இயந்திரத் தாளத்துக்குப் பழகிவிடுகிறது. அவரைக் கொண்டுபோய் ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிரோம்போன், பியானோ, பாஸ், கிதார், டிரம்ஸ் என்று ஏறத்தாழ 17 பேர் அமர்ந்த குழுவின் முன் நிறுத்தினால், அந்த எட்டுப் பித்தளைக் குழல்களும் ஒன்றாக வெடிக்கும் கணத்தில் குரலுக்கு ஒளிய இடமில்லை. எனக்கு இந்த நிகழ்ச்சிகள் மீதுள்ள மதிப்பு இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. குழுவைச் சுருக்கி, ஊதுவோரின் இடத்தில் பதிவு செய்த இசையை ஓடவிட்டு, கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு பாடினால் அதற்கு உங்கள் சொல்லே தகும்.

ராபி வில்லியம்ஸ் சினாட்ரா அல்லர். 2001 நிகழ்ச்சியில் பல இடங்களில் சொல்லைப் பின்னால் தள்ளுவதற்குப் பதில் சினாட்ராவின் உச்சரிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அதே ஆண்டுத் தொகுப்பில், மறைந்துவிட்ட சினாட்ராவின் பழைய பதிவுக் குரலோடு தன் குரலை இணைத்து ஒரு பாடலும் வைத்திருக்கிறார். பதில் சொல்ல முடியாத ஒருவரைத் துணைக்கு அழைத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் பாசாங்கு செய்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய தந்தை பீட் கான்வே இரவு விடுதி மேடைகளில் மக்களை மகிழ்வித்தவர், சினாட்ராவின் பெரும் ரசிகர். மகனின் காதில் இந்த இசை 'டேக் தட்' குழுவுக்கு முன்பே விழுந்திருந்தது.

கய் சேம்பர்ஸுடனான பிரிவு 2002இல் நேர்ந்தது. ராபியின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை உடனிருந்து ஆக்கியவர் அவர். 2001 ஸ்விங் தொகுப்பைத் தயாரித்தவரும் அவரே. 2013இல் இருவரும் மீண்டும் சேர்ந்தபோது பழைய பாடல்களை மட்டும் திரும்பப் பாடாமல், ஏறக்குறைய சரிபாதிக்குப் புதிய பாடல்களைத் தாங்களே எழுதினார்கள். அவற்றுள் ஒன்று, பிறந்து அதிக நாளாகாத தன் மகளுக்கு ராபி எழுதிய தாலாட்டுப் போன்ற பாட்டு. அதில் அவர் யாருடைய குரலையும் கடன் வாங்கவில்லை. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற 1000ஆவது தொகுப்பு என்ற பெயரும் அந்தத் தொகுப்புக்குக் கிடைத்தது. எனக்கு அதைவிட அந்தத் தாலாட்டு முக்கியமாகப் படுகிறது.

ராட் ஸ்டூவர்ட் 79 வயதில் தன் கரகரத்த குரலோடு இதில் இறங்கியதை நான் மகிழ்ச்சியோடு கேட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான சான்று அவர் அருகில் அமர்ந்திருந்த ஜூல்ஸ் ஹாலண்ட்தான். 1970களின் பிற்பகுதியில் 'ஸ்குவீஸ்' என்ற பாப் குழுவில் பியானோ வாசித்தவர் அவர்; அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் கில்சன் லாவிஸ். அந்தக் குழுவுக்குப் பிறகு இவர்கள் இருவரும் பியானோவும் டிரம்ஸுமாக மட்டுமே ஊர் ஊராக வாசிக்கத் தொடங்கி, ஒவ்வொருவராக ஊதுவோரைச் சேர்த்துக்கொண்டே போய், அதை ஒரு முழு பிக் பேண்டாக, அதாவது பெரிய ஊதுகுழல் படையுள்ள இசைக்குழுவாக வளர்த்தார்கள். லாவிஸ் பல பத்தாண்டுகள் அந்தக் குழுவின் தாளத்தைத் தாங்கினார். ஒரே ஓர் இரவுக்காகச் சேர்ந்து கைதட்டல் வாங்கிக் கலைந்துபோகும் மறுசேர்க்கைகளைப் பற்றிப் பேசும்போது, இந்த இருவரையும் மறந்துவிடக் கூடாது.

உங்கள் மகளிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவை அடுத்த முறை கேட்கும்போது ஒரு பாடலுக்காவது பாடகரை விட்டுவிட்டு, பாஸ் வாசிப்பவர் ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு அடியாக நடக்கும் நடையையும் டிரம்ஸ்காரரின் வலக்கையையும் மட்டும் பின்தொடரட்டும். பிறகு மறுபடி அதே பாடலில் குரல் எங்கே வந்து விழுகிறது என்று கேட்கட்டும். அதற்குப் பின் அவள் என்ன சொன்னாள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்